ஜிம்மி யார்? கன்ட்ரி பாடல்களின் கொச்சைச் சொற்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராப் பாட்டு கேட்கும்போது நமக்குப் புரியவில்லை என்பது நமக்கே தெரியும். உடனே தேடிப் பார்ப்போம். அமெரிக்கத் தென் மாநிலக் கிராமங்களில் பிறந்த கன்ட்ரி பாட்டு அப்படி இல்லை. மெதுவாகப் பாடுவார்கள், சின்னச் சின்ன வார்த்தைகளாக வரும், ஒருத்தர் திண்ணையில் உட்கார்ந்து கதை சொல்கிற மாதிரி போகும். எல்லாம் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். அப்படி நினைத்துக்கொண்டு ஒரு பாட்டைத் தப்பான அர்த்தத்தோடே பல வருஷம் நேசித்துக்கொண்டிருப்போம். எனக்கு இது நடந்திருக்கிறது. இந்தப் பாடல்களைத் தமிழில் வரிவரியாக விளக்குகிறவர்கள் இப்போது நிறையப் பேர். அவர்களும் அதே பள்ளத்தில் விழுவதைப் பார்க்கும்போது மனசு கேட்கவில்லை, எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் ஒரு லாரியில் ஏறுவோம். டேவ் டட்லி 1963-இல் பாடிய ‘சிக்ஸ் டேஸ் ஆன் தி ரோடு’. ஆறு நாளாக வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும் டிரைவர் இன்றிரவு எப்படியும் வீடு போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்ற வேகத்தில் வருகிறார். நடுவில் ஒரு வரி: இப்போதுதான் ஒரு ஜிம்மியையும் ஒரு வைட்டையும் தாண்டி வந்தேன் என்கிறார். ஜிம்மி அவருடைய சிநேகிதர், வைட் என்றால் யாரோ ஒரு வெள்ளைக்காரர் என்று நான் எடுத்துக்கொண்டேன். 1963, தென் மாநிலங்களில் இனப் பிரிவினைக்கு எதிரான போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த வருஷம். அதையும் இதையும் முடிச்சுப் போட்டு நண்பர் ஒருவருக்கு அரைமணி நேரம் விளக்கமே கொடுத்தேன்.

இரண்டும் லாரி. ஜிஎம்சி கம்பெனி வண்டியை அமெரிக்க டிரைவர்கள் ஜிம்மி என்பார்கள். வைட் என்பது க்ளீவ்லாந்து நகரத்தில் லாரி தயாரித்த வைட் மோட்டார் கம்பெனி. ஒரு லேலண்டையும் ஒரு டாடாவையும் ஓவர்டேக் பண்ணினேன் என்று நாமக்கல் டிரைவர் சொன்னால் நாம் குழம்புவோமா? அவ்வளவுதான் விஷயம்.

அதே பாட்டில் இன்னும் இருக்கிறது. தனக்கு எடை கொஞ்சம் கூடுதல் என்கிறார். தொப்பையைப் பற்றிச் சொல்லவில்லை, ஓவர்லோடு ஏற்றியிருக்கிறார். அதற்கு முன்னால் ஐசிசி சோதனை போட்டிருக்கிறார்கள் என்கிறார். நமக்கு அந்த மூன்று எழுத்தைக் கேட்டாலே கிரிக்கெட்தான் ஞாபகம் வரும். அது மாநிலம் விட்டு மாநிலம் போகும் வணிகத்தை ஒழுங்குபடுத்திய மத்திய ஆணையம். டிரைவர் எத்தனை மணி நேரம் ஓட்டினார், எங்கே தூங்கினார் என்று லாக் புத்தகத்தில் எழுதிவைக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. நம் ஆள் புத்தகத்தை எழுதி முடிக்கவில்லை, லோடும் அதிகம், ஆகவே எடைமேடைகளைச் சுற்றிக்கொண்டு போகப் பார்க்கிறார். 1995-இன் முடிவில் அந்த ஆணையத்தையே கலைத்துவிட்டார்கள். அதனால் இன்றைய அமெரிக்க இளைஞர்களுக்குக்கூட அந்த மூன்று எழுத்து சட்டென்று பிடிபடாது.

‘ஜார்ஜியா ஓவர்டிரைவ்’ என்று ஒன்று வரும். வண்டியில் பத்து கியர், அதற்கு மேல் இது ஒன்று என்கிறார். ஜார்ஜியா மாநிலத்தில் செய்த ஏதோ உதிரிபாகம் என்று எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு பாகமே கிடையாது. இறக்கத்தில் கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு வண்டியை அதன் போக்கில் உருளவிடுவதற்கு டிரைவர்கள் வைத்த பெயர் அது. நம் டிரைவர்களும் செய்கிற காரியம்தான், செய்யக் கூடாத காரியமும்கூட. பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போனால் அடுத்த வளைவு கிடையாது. அப்புறம் அந்தச் சின்ன வெள்ளை மாத்திரைகள். தலைவலி மாத்திரை என்று கடந்துவிடாதீர்கள். தூக்கம் வராமல் இருக்க அந்தக் காலத்து டிரைவர்கள் விழுங்கிய ஆம்ஃபெட்டமின் அது. கண்கள் அகலத் திறந்திருக்கின்றன என்று அடுத்தாற்போல் சொல்வதை இதோடு சேர்த்துக் கேட்டால்தான் அந்த ஆள் எந்த நிலைமையில் ஸ்டியரிங் பிடித்திருக்கிறார் என்று உறைக்கும். குஷியான மெட்டில் வருகிற பாட்டு, உள்ளே இத்தனை ஆபத்து.

இந்த ஒரு பாட்டிலிருந்து நான் கற்றுக்கொண்டது ஒன்று. கன்ட்ரி பாட்டில் புரியாத சொல் வந்தால், அகராதிக்குப் போவதற்கு முன்னால், பாடுகிற ஆள் என்ன வேலை செய்கிறார், எந்த ஊர், எந்த வருஷம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இந்தக் கொச்சைச் சொற்களில் பெரும்பாலானவை தொழிற்சொற்கள். தறிக்காரர்களுக்குத் தறி பாஷை, மீனவர்களுக்குக் கடல் பாஷை இருப்பது போல.

எங்கே பார்த்தாலும் போதைப்பொருள்

இணையத்தில் ஸ்லாங் அகராதிகள் வந்த பிறகு அதிகமாகிவிட்ட தவறு இது. ‘ரீஃபர்’ என்று தேடினால் கஞ்சாச் சுருட்டு என்று வரும். சி. டபிள்யூ. மெக்கால் பாடி 1976 ஜனவரியில் அமெரிக்காவின் முதலிடத்துக்குப் போன ‘கான்வாய்’ பாட்டில், ஒரு பீட், அதன் மேல் ரீஃபர், பக்கத்தில் பன்றிகளை ஏற்றிய ஒரு ஜிம்மி என்று வரும். பீட் என்ற ஆள் கஞ்சா அடித்துக்கொண்டு வருகிறார், ஜிம்மி பன்றி மேய்க்கிறார் என்று யாராவது விளக்கினால் நம்பிவிடாதீர்கள். பீட் என்பது பீட்டர்பில்ட் லாரி. ரீஃபர் என்பது குளிர்பதனப் பெட்டி வைத்த டிரெய்லர். ஜிம்மியைத்தான் நமக்கு ஏற்கெனவே தெரியுமே.

அந்தப் பாட்டு முழுக்க சி.பி. ரேடியோ பாஷை, லாரிக்குள் வைத்து ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளும் குறுந்தூர ரேடியோ அது. 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. அதைத் தொடர்ந்து 1974-இல் நாடு முழுவதும் வேக வரம்பை மணிக்கு 55 மைலாக, அதாவது சுமார் 88 கிலோமீட்டராகக் குறைத்தார்கள். நேரத்துக்குச் சரக்கைச் சேர்த்தால்தான் காசு என்ற நிலையில் இருந்த லாரிக்காரர்கள், போலீஸ் எங்கே நிற்கிறது என்று ஒருவருக்கொருவர் ரேடியோவில் சொல்லிக்கொள்ள ஆரம்பித்தார்கள். அதற்கென்று சங்கேத வார்த்தைகள் பிறந்தன. கரடி என்றால் போலீஸ். காட்டுத்தீ விழிப்புணர்வுப் படங்களில் வரும் ஸ்மோக்கி கரடியின் தொப்பியும் மாநில நெடுஞ்சாலைப் போலீஸ்காரரின் தொப்பியும் ஒரே மாதிரி இருக்கும், அதனால் வந்த பெயர். சுத்தியலைக் கீழே இறக்குவது என்றால் ஆக்சிலரேட்டரை அழுத்துவது. ‘ஷேக்கி டவுன்’ என்றால் லாஸ் ஏஞ்சலிஸ், அடிக்கடி பூமி நடுங்குகிற ஊர். ‘மோசடித் தாள்’ என்று ஒன்றைக் கிழித்துப் போடுகிறார்களே, அது மேலே பார்த்த அதே லாக் புத்தகத்தின் தாள்தான். இத்தனையும் பாடியவர் நெப்ராஸ்காவின் ஒமாஹா நகரத்தில் விளம்பரத் துறையில் வேலை பார்த்தவர். உண்மைப் பெயர் பில் ஃப்ரைஸ். லாரிக்காரர் பாஷையைக் காது கொடுத்துக் கேட்டு அப்படியே பிடித்துவிட்டார்.

கிரிஸ் கிறிஸ்டோஃபர்சன் எழுதிய ‘மீ அண்ட் பாபி மெக்கீ’ பாட்டில் வரும் ‘ஹார்பூன்’ இன்னொரு பலி. அழுக்குச் சிவப்புக் கைக்குட்டையிலிருந்து ஹார்பூனை எடுத்தேன் என்று வருகிறது. ஹார்பூன் என்றால் மீன் குத்தும் ஈட்டி. போதை உலகத்தில் ஊசிக்கும் அந்தப் பெயர் உண்டு என்பதால் ஹெராயின் ஏற்றிக்கொள்கிறார் என்று பலர் தீர்ப்பே எழுதிவிட்டார்கள். அடுத்த வினைச்சொல்லைப் பாருங்கள். அதை வாயில் வைத்துச் சோகமாக ஊதுகிறார், பாபி ப்ளூஸ் பாடுகிறாள். ஊசியை யாரும் ஊத மாட்டார்கள். அது மவுத்தார்கன். இசைக்காரர்கள் மவுத்தார்கனைச் சுருக்கமாக ஹார்ப் என்பார்கள், அதை விளையாட்டாக நீட்டினால் ஹார்பூன். அந்தப் பாட்டிலேயே ‘டீசல்’ என்று வருவது எரிபொருளைக் குறிக்காது. கட்டை விரலைக் காட்டி லாரியை நிறுத்தி ஏறிக்கொள்கிறார்கள். சொல்லுக்கு அர்த்தம் தெரியாவிட்டால் பக்கத்திலிருக்கும் வினைச்சொல்லைப் பிடியுங்கள் என்று யார் கேட்டாலும் சொல்வேன். வினைச்சொல் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

சோளமும் ஜாடியும்

டென்னசி மாநிலத்தின் அதிகாரப்பூர்வப் பாடல்களில் ஒன்றாக 1982-இல் அறிவிக்கப்பட்ட ‘ராக்கி டாப்’ 1967-இல் எழுதப்பட்டது. எழுதியவர்கள் ஃபெலிஸ், பூட்லோ பிரையன்ட் தம்பதி. அந்த மலையில் மண் முழுக்கக் கல், சோளம் விளையாது, அதனால் அங்கிருக்கிற ஜனங்கள் சோளத்தை ஜாடியிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறார்கள் என்று ஒரு வரி. டப்பாவில் அடைத்த மக்காச்சோளம் கடையில் வாங்குகிறார்கள், பாவம் வறுமை, என்று நெகிழ்ந்து எழுதியிருந்ததை ஒருமுறை படித்தேன். ஜாடியில் இருப்பது மக்காச்சோளத்தில் காய்ச்சிய கள்ளச்சாராயம்.

கிழக்கு அமெரிக்காவின் அப்பலேச்சிய மலைக்காரர்கள் ஏன் சோளத்தைச் சாராயமாக்கினார்கள் என்பதற்கு நியாயமான காரணம் உண்டு. மலைப்பாதையில் மூட்டை மூட்டையாகச் சோளத்தை இறக்கிச் சந்தைக்குக் கொண்டுபோனால் சுமைகூலிக்கே கட்டாது. அதையே சாராயமாக்கினால் சுமை குறைவு, விலை அதிகம், கெட்டும் போகாது. 1791-இல் மத்திய அரசு சாராயத்துக்கு வரி போட்டது. 1794-இல் மேற்கு பென்சில்வேனியாவில் அதற்கு எதிராகக் கலகமே வந்தது. அன்றிலிருந்து வரி கட்டாமல் இரவில் காய்ச்சுவதும், கலால் ஆட்கள் மலையேறித் தேடுவதும் தொடர்கதை. ‘மூன்ஷைன்’ நிலா வெளிச்சத்தில் காய்ச்சியது. ‘வைட் லைட்னிங்’ என்றாலும் அதேதான், ஜார்ஜ் ஜோன்ஸ் 1959-இல் அந்தப் பெயரிலேயே பாடி முதல்முறையாக கன்ட்ரி பட்டியலின் உச்சிக்குப் போனார். ‘மவுன்டன் டியூ’ இன்றைக்குக் குளிர்பானத்தின் பெயர், பழைய மலைப்பாட்டில் வந்தால் சாராயம்.

இதே ‘ராக்கி டாப்’பில் ‘ஸ்டில்’ என்ற சொல்லை ‘இன்னும்’ என்று மொழிபெயர்த்து வாக்கியத்தையே முறித்துவிடுகிறார்கள். அங்கே அது பெயர்ச்சொல், சாராயம் வடிக்கும் கலம். நம் சித்த வைத்திய நூல்களில் ‘வாலை’ என்று சொல்வது. வெளியூர்க்காரர் இரண்டு பேர் அந்த வாலையைத் தேடி மலையேறினார்கள், இறங்கி வரவே இல்லை, இனியும் வரப்போவதில்லை. அவர்கள் வழிதவறிய சுற்றுலாப் பயணிகள் என்று நினைத்தால் அந்த வரி சும்மா ஒரு தகவல். கலால் ஆட்கள் என்று தெரிந்தால், துள்ளலான பாஞ்சோ இசைக்கு நடுவில் இரண்டு கொலை நடந்திருக்கிறது.

ஹேங்க் வில்லியம்ஸின் ‘ஜம்பலாயா’வில் பழ ஜாடியை நிரப்புவோம் என்று வருவதும் பழரசம் இல்லை என்று இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள். பழம் பதப்படுத்தும் கண்ணாடி ஜாடிதான் எல்லார் வீட்டிலும் இருக்கும், அதில்தான் சாராயம் ஊற்றி வைப்பார்கள். அந்தப் பாட்டில் இன்னொரு கண்ணி இருக்கிறது. கிதார் மீட்டுவோம், ஜாடியை நிரப்புவோம், ‘கே’யாக இருப்போம் என்கிறார். 1952-இல் வந்த பாட்டு அது. அந்தக் காலத்துச் சாதாரணப் பேச்சில் அந்தச் சொல்லுக்கு உற்சாகம், கொண்டாட்டம் என்றுதான் பொருள். இன்றைய பொருளைக் கொண்டுபோய் அங்கே ஒட்டுவது ‘நாற்றம்’ என்ற சொல்லைச் சங்கப் பாட்டில் பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொள்வது போல. அதில் வரும் ‘ஃபீலே’யும் கோப்பு இல்லை. லூசியானாவில் சசஃப்ராஸ் மர இலையைக் காயவைத்துப் பொடித்துக் குழம்பில் தூவுவார்கள், அந்தப் பொடி. ‘பிரோக்’ தோணி. அதைத் துடுப்புப் போடாமல் நீண்ட கழியால் ஊன்றித் தள்ளிக்கொண்டு போகிறார்.

எட்டணா அறை

ரோஜர் மில்லரின் ‘கிங் ஆஃப் தி ரோடு’, 1965-இல் ஓடிய பாட்டு. ஊர் ஊராகச் சரக்கு ரயிலில் தொற்றிக்கொண்டு திரியும் ஒரு மனிதர், இரண்டு மணி நேரம் துடைப்பம் தள்ளிக் கூட்டிப் பெருக்கி, எட்டுக்குப் பன்னிரண்டு அடி அளவில் ஒரு ‘ஃபோர் பிட்’ அறையைச் சம்பாதிக்கிறார். கம்ப்யூட்டர் தலைமுறைக்கு ‘பிட்’ என்றால் வேறு. நாலு பகுதியாகப் பிரித்த அறை என்றும் எழுதுகிறார்கள்.

தமிழர்களுக்கு இதைப் போலச் சுலபமாகப் புரியக்கூடிய கொச்சைச் சொல் வேறு இல்லை என்பேன். ஸ்பானிய வெள்ளி டாலர் 1857 வரை அமெரிக்காவில் சட்டப்படி செல்லுபடியான நாணயம். அதன் மதிப்பு எட்டு ரியால். சில்லறை வேண்டுமென்றால் நாணயத்தையே எட்டுத் துண்டாக வெட்டுவார்கள். ஒரு துண்டு ஒரு பிட். இரண்டு பிட் கால் டாலர், நாலு பிட் அரை டாலர். நாணயம் போய்விட்டது, பேச்சு போகவில்லை. நமக்கு 1957-இல் அணாக் கணக்கு ஒழிந்து நயா பைசா வந்தது. ஆனாலும் 25 காசை நாலணா என்றும் 50 காசை எட்டணா என்றும் எத்தனை காலம் சொல்லிக்கொண்டிருந்தோம்! ஆக அது எட்டணா அறை. தமிழில் அப்படியே எழுதலாம், அடிக்குறிப்பே வேண்டாம். அவர் தெருவில் பொறுக்கும் ‘ஸ்டோகி’ மலிவுச் சுருட்டின் அடிக்கட்டை. பென்சில்வேனியாவின் கொனெஸ்டோகா பகுதியில் செய்த பாரவண்டிகளை ஓட்டியவர்கள் புகைத்த சுருட்டு என்பதால் வந்த பெயர்.

ரயில் என்றதும் ஒன்று. ‘சிட்டி ஆஃப் நியூ ஆர்லியன்ஸ்’ என்ற பாட்டு நியூ ஆர்லியன்ஸ் நகரத்தைப் பற்றியது இல்லை. ஸ்டீவ் குட்மேன் எழுதியது, வில்லி நெல்சன் குரலில் 1984-இல் கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்தது. சிகாகோவிலிருந்து நியூ ஆர்லியன்ஸுக்கு ஓடிய ரயிலின் பெயர் அது. ‘மலைக்கோட்டையில வந்தேன்’ என்று ஒருவர் சொன்னால் கோட்டைக்குள்ளிருந்து வந்தார் என்றா நினைப்போம்? ‘உன் மகன் நான்’ என்று பாட்டில் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வது அந்த ரயில்தான்.

இரண்டு ‘இல்லை’ சேர்ந்தால்

பள்ளிக்கூட இலக்கணம் நம்மைக் கெடுக்கும் இடம் இது. ஒரே வாக்கியத்தில் ‘ஏன்ட்’, ‘நோ’ என்று இரண்டு எதிர்மறை வந்தால் இரண்டும் அடிபட்டு உடன்பாடாகிவிடும் என்று கணக்குப் போடுகிறோம். தமிழிலும் ‘இல்லாமல் இல்லை’ என்றால் இருக்கிறது என்றுதானே பொருள். தென் மாநிலப் பேச்சில் இரண்டாவது எதிர்மறை முதலாவதை அழுத்திச் சொல்லத்தான் வருகிறது. ‘ஐ ஏன்ட் காட் நோ மணி’ என்று ஒருவர் பாடினால், பணம் இல்லவே இல்லை, சுத்தமாக இல்லை என்கிறார். அவரிடம் பணம் இருப்பதாக எழுதிவிட்டால் பாட்டின் கதையே மாறிப்போகும்.

‘ஃபிக்சின் டு’ என்றால் எதையும் ரிப்பேர் செய்யவில்லை. ஒன்றைச் செய்யக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன், இதோ செய்யப்போகிறேன் என்று அர்த்தம்.

‘ஹாலர்’ கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய சொல். லொரெட்டா லின் 1970-இல் வெளியிட்ட ‘கோல் மைனர்ஸ் டாட்டர்’ பாட்டில் புட்சர் ஹாலரில் பிறந்தேன் என்கிறார். ஹாலர் என்றால் கத்துவது என்று அகராதி சொல்லும். கசாப்புக்காரரின் கூச்சல் என்று ஒருவர் எழுதியிருந்தார். கென்டக்கி மலைப்பேச்சில் ‘ஹாலோ’ என்பதைத்தான் அப்படி உச்சரிப்பார்கள். இரண்டு மலைக்கு நடுவே ஒடுங்கிய பள்ளத்தாக்கு, அதில் நாலைந்து வீடு. புட்சர் என்பது அந்த இடத்தின் பெயரோடு ஒட்டிக்கொண்ட குடும்பப் பெயர். ஆனால் இதே சொல் மிசிசிப்பிப் பாட்டில் வந்தால் கூப்பிடுவதுதான், அதற்கும் கீழே வருகிறேன்.

அதனால்தான் ‘அமெரிக்க ஸ்லாங்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டுவதை நான் ஏற்பதில்லை. லூசியானாவின் கேஜன்கள் பிரெஞ்சு பேசிய பரம்பரை, அப்பலேச்சியர்கள் மலைக்காரர்கள், டெக்சஸ்காரர்கள் ஸ்பானியச் சொற்களைச் சரளமாகக் கலப்பவர்கள், லாரிக்காரர்களுக்கு ஊரே கிடையாது. நாஞ்சில் நாட்டுப் பேச்சையும் கொங்குப் பேச்சையும் ஒரே அகராதியில் அடைத்து ஒன்றுக்கொன்று மாற்றிப் போட்டால் நமக்கு எப்படி இருக்கும்?

சுரங்கத்தைப் பற்றிச் சொன்னதால் ‘சிக்ஸ்டீன் டன்ஸ்’ பாட்டையும் தொட்டுவிடுகிறேன். மெர்ல் டிராவிஸ் 1946-இல் பதிவு செய்தது, டென்னசி எர்னி ஃபோர்டு 1955-இல் பாடி உலகப் புகழாக்கியது. அதில் வரும் ‘ஸ்ட்ரா பாஸ்’ வைக்கோல் முதலாளி இல்லை, பெரிய மேலாளருக்குக் கீழே நின்று ஆட்களை விரட்டும் ஆள். தோட்டத்தில் வேலை செய்த தமிழர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு ‘கங்காணி’ என்று ஒரு வார்த்தை போதும். கம்பெனிக் கடைக்கு ஆத்மாவையே கடன்பட்டிருக்கிறேன் என்பதும் கவிதைக்காகச் சொன்னது மட்டும் இல்லை. பல சுரங்கங்களில் கூலியை டாலராகத் தராமல் கம்பெனி அச்சடித்த டோக்கனாகத் தந்தார்கள். அது கம்பெனிக் கடையில் மட்டும்தான் செல்லும். கடைக்காரன் வைத்ததுதான் விலை.

வசைச்சொல்லை வாழ்த்து என்று எடுப்பது

மெர்ல் ஹேகர்ட் 1969-இல் தன்னை ‘ஓக்கி’ என்று பெருமையாகப் பாடினார். ஓக்லஹோமாக்காரர் என்பதன் செல்லச் சுருக்கம் என்று நினைத்து யாரையாவது அப்படிக் கூப்பிட்டுவிடாதீர்கள். 1930-களில் வறட்சியும் புழுதிப்புயலும் விரட்ட, சட்டி பானையைக் காரில் கட்டிக்கொண்டு கலிஃபோர்னியா போன ஏழைகளை உள்ளூர்க்காரர்கள் இழிவாக அழைத்த பெயர் அது. ஹேகர்டின் பெற்றோரே அப்படி ஓக்லஹோமாவிலிருந்து போனவர்கள்தான், அவர் 1937-இல் கலிஃபோர்னியாவில் பிறந்தார். பட்டவர் மகன் அந்தச் சொல்லை நிமிர்ந்து நின்று எடுத்துக்கொள்ளலாம். நாம் எடுத்து இன்னொருவர் மேல் போட முடியாது. ‘ரெட்நெக்’, மலைக்காரர்களை மட்டம் தட்டும் ‘ஹில்பில்லி’ இரண்டுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

ரெட்நெக் என்ற சொல் 1921-இல் மேற்கு வர்ஜீனியாவின் பிளேர் மலையில் கம்பெனிக்கு எதிராக ஆயுதம் எடுத்த சுரங்கத் தொழிலாளர்கள் கழுத்தில் கட்டிய சிவப்புத் துணியிலிருந்து பிறந்தது என்று ஒரு கதை நன்றாகச் சுற்றுகிறது. அவர்கள் சிவப்புத் துணி கட்டியது உண்மை, அந்தப் பெயரால் அழைக்கப்பட்டதும் உண்மை. ஆனால் வெயிலில் கழுத்து சிவந்த ஏழை வெள்ளை விவசாயியைக் குறித்து 19-ஆம் நூற்றாண்டிலேயே சொல் புழக்கத்தில் இருந்தது. அழகான பிறப்புக் கதை கிடைத்தால் உடனே எழுதிவிடக் கூடாது, வருஷத்தைப் பார்க்க வேண்டும்.

சில வரிகளுக்கு அர்த்தமே தேடக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சார்லி டேனியல்ஸ் 1979-இல் பாடிய ‘தி டெவில் வென்ட் டவுன் டு ஜார்ஜியா’வில் ரொட்டிச் சட்டிக்குள் நிற்கும் கோழி மாவைக் கொத்துகிறது, பாட்டி உன் நாய் கடிக்குமா என்று கேட்கிறார்கள். இதில் சாத்தானின் குறியீடு, பைபிள் குறிப்பு என்றெல்லாம் தோண்டுகிறார்கள். ஃபிடில் வாசித்து ஆடும் கூட்டங்களில் தாளத்துக்காகத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த வாய்ப்பாட்டு அடிகள் அவை. சடுகுடு ஆடும்போது மூச்சு விடாமல் பாடுவோமே, அதற்குப் பொழிப்புரை எழுதுவோமா?

கென்னி ராஜர்ஸ் 1978-இல் பாடிய ‘தி கேம்ப்ளர்’ இதற்கு நேர் எதிர். அங்கே ஒரு சொல்லை விட்டாலும் கதை போய்விடும். சீட்டாட்டக்காரக் கிழவர் ரயில் பெட்டியில் அறிவுரை சொல்லி முடித்துவிட்டுத் தூங்கப் போகிறார், இருட்டில் எங்கோ அவர் ‘பிரேக் ஈவன்’ ஆனார் என்று வருகிறது. விட்டதைப் பிடித்தார் என்று எழுதுகிறார்கள். சூதாட்டத்தில் லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை, கணக்கு நேராகிவிட்டது என்பது பொருள். தூக்கத்திலேயே செத்துப்போனார்.

ஒரு மதியச் சாப்பாடு

கடைசியாக ஒரு வீட்டுச் சாப்பாட்டு மேசைக்குப் போகலாம். பாபி ஜென்ட்ரி எழுதிப் பாடி 1967 ஆகஸ்டில் அமெரிக்காவின் முதலிடத்தில் இருந்த ‘ஓட் டு பில்லி ஜோ’. மிசிசிப்பி டெல்டா, ஜூன் 3-ஆம் தேதி, புழுதி. கதை சொல்லும் பெண் வயலில் ‘சாப்பிங் காட்டன்’ வேலை செய்கிறாள். பருத்தியை வெட்டுகிறாள், பருத்தி அறுவடை செய்கிறாள் என்று எத்தனையோ விளக்கங்களில் பார்த்துவிட்டேன். ஜூனில் பருத்தி வெடிக்காது. நெருக்கமாக முளைத்த செடிகளைக் கலைத்துவிட்டு, கூடவே களையையும் கொத்துகிற வேலை அது. களைக்கொத்து எடுத்த கைகளுக்குத் தெரியும், வெயிலில் குனிந்த முதுகு எப்படி இருக்கும் என்று.

‘டின்னர்’ நேரத்துக்கு வேலையை நிறுத்திவிட்டு வீட்டுக்கு நடக்கிறார்கள். இரவாகிவிட்டது என்று எழுதினால் எல்லாம் தப்பாகப் போகும். பழைய தென் மாநிலக் கிராமத்தில் டின்னர் என்றால் மதியச் சாப்பாடு, இரவுச் சாப்பாடு சப்பர். பாட்டுக்குள்ளேயே சாட்சி இருக்கிறது. காலை முழுக்கச் சமைத்தேன் என்று அம்மா சொல்கிறாள். அப்பா, கீழ் நாற்பதில் இன்னும் ஐந்து ஏக்கர் உழ வேண்டும் என்கிறார். 1785-இல் இருந்து அமெரிக்க அரசு நிலத்தை 640 ஏக்கர் சதுரங்களாக அளந்தது. அதில் காலில் கால் பங்கு நாற்பது ஏக்கர். அதனால் வயலுக்கே நாற்பது என்று பெயர். நம் ஊரில் கீழ்க்காடு, மேல்காடு என்கிறோமே, அப்படி. இன்னும் உழவு பாக்கி இருக்கிற பகல் அது.

அம்மா பின்வாசலிலிருந்து ‘ஹாலர்’ செய்கிறாள். இங்கே கூப்பிடுவது. காலைத் துடைத்துக்கொண்டு வரச் சொல்கிறாள், கூடவே அந்தச் செய்தியையும் சொல்கிறாள்: பில்லி ஜோ பாலத்திலிருந்து குதித்துவிட்டானாம். அப்பா தட்டைப்பயற்றை எல்லாருக்கும் நகர்த்திக்கொண்டே, அவனுக்கு ஒரு ‘லிக்’ புத்தி கிடையாது என்கிறார். நக்குவது என்று போகாதீர்கள், துளிகூடப் புத்தி இல்லை என்கிறார். அந்த மூச்சிலேயே பிஸ்கட்டை இப்படிக் கொடுங்கள் என்கிறார். டீயில் தொடும் பிஸ்கட் இல்லை, வெண்ணெய் தடவிச் சாப்பிடும் மெத்தென்ற சுடச்சுட ரொட்டி. அண்ணன், பில்லி ஜோவோடு சினிமாக் கொட்டகையில் இவள் முதுகுச் சட்டைக்குள் தவளையை விட்டதை நினைவுகூர்கிறான். பிரதர் டெய்லர் வந்துபோனார் என்று அம்மா சொல்வது உறவினரை இல்லை, சபை ஊழியரை. நம் ஊர்ச் சபைகளிலும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். இவளைப் போலவே இருந்த ஒரு பெண்ணும் பில்லி ஜோவும் பாலத்திலிருந்து எதையோ தண்ணீரில் வீசியதை அவர் பார்த்தாராம்.

எதை வீசினார்கள் என்று ஐம்பது வருஷத்துக்கும் மேலாகத் தேடுகிறார்கள். பாட்டு சொல்லவில்லை. நான் அந்த மேசையைத்தான் பார்க்கிறேன். தட்டைப்பயறு சுற்றி வருகிறது, ரொட்டி சுற்றி வருகிறது, ஆப்பிள் பை இன்னொரு துண்டு கேட்கிறார்கள், உழவு காத்திருக்கிறது. அம்மா மட்டும் நடுவில் மகள் தட்டைக் கவனித்துவிட்டு, என்னம்மா உன் பசி எங்கே போயிற்று, ஒரு வாய்கூடத் தொடவில்லையே என்று கேட்கிறாள். அந்த வரியில் கொச்சைச் சொல் எதுவும் இல்லை.